நாற்பது துறைமுகம் கண்ட பெட்டி

7

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடுவேன். அதுக்கப்புறம் அந்தம்மா ஜெயில்ல உக்காந்து கம்பியை வரிசைப்படுத்தட்டும்" என்றார் டாக்டர் ரமிரோ தாமரிஸ்.

புகார்த் தாள் மேசைமேல் கிடந்தது. தேதி போட்டாயிற்று, முத்திரை குத்தியாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. பண்டிகை விடுமுறை முடிந்து அன்றுதான் அரசு வக்கீல் அலுவலகம் திறந்திருந்தது.

எதிரே பியெதாத் ஒச்சோவா உட்கார்ந்திருந்தாள். பியெதாத் என்றால் கருணை என்று பொருள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். அந்தப் பெயரைத் தவிர அவளிடம் கருணை என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது என்பது அவள் உதவியாளன் வாஷிங்டன் கிஸ்பேயின் தீர்மானமான கருத்து. காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்து, பொய்க் கணக்கு எழுதியவர்களை அழவைத்துவிட்டு, அலுத்துப்போய்த் தனியாகத் துப்பறியக் கிளம்பியவள் அவள். வாஷிங்டன் டாக்சி ஓட்டியவன். ஒருநாள் அவளை ஏற்றிக்கொண்டு சுற்றுவழியில் போய் அதிகமாகக் கேட்டான். அவள் அவனைக் கையும் களவுமாகப் பிடித்து, மறுநாளே வேலைக்கும் வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஹோர்டென்சியா தாமரிஸ் தன் ஊரான குவெங்காவின் வைக்கோல் தொப்பிகளை விற்கிறேன் என்று கிளம்பி நாற்பது துறைமுகம் சுற்றியவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஊர் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. வயதான பிறகு திரும்பி வந்து, தன் பெரிய வீட்டையே ஆவணக் காப்பகமாக்கி, பயணக் குறிப்பு, கடிதம், புகைப்படம் என்று தன் காகிதங்கள் அத்தனையையும் மாடியறையில் அடுக்கவைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். போகும்போது இரண்டு நிபந்தனை போட்டாள். காகிதங்களை வகைப்படுத்தும் சோய்லா பெரால்ட்டாவைத் தவிர, அந்த வேலை முடியும்வரை வேறு யாரும் ஒரு தாளைக்கூடப் படிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் காப்பகத்துக்குச் சோய்லாதான் தலைவி. அதுவரை அண்ணன் மகன் ரமிரோ தற்காலிகமாக நாற்காலியைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தற்காலிகம் ரமிரோவின் தலைமயிர் நரைக்கும்வரை நீண்டது. போன மாதம் சோய்லா வேலையை முடித்தாள். ஜனவரி நடுவில் அவளுக்குப் பதவி. வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் பார்த்தால் மாடியறை அலமாரி வழித்துத் துடைத்த மாதிரி காலி. எடுத்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பியெதாத்தை அமர்த்தியவள் சோய்லாதான்.

"சோய்லாதான் எடுத்தாங்கன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க டாக்டர்?" பியெதாத் கேட்டாள்.

"ஊரே பாத்துச்சே! வருஷக் கடைசிப் பொம்மையைக் கொளுத்துனதும், புது வருஷம் முழுக்கப் பயணம் வரும்னு எல்லாரும் பண்ற மாதிரி காலிப் பெட்டியைத் தூக்கிட்டுத் தெருவைச் சுத்தக் கிளம்பினா. சும்மா பெட்டியில்ல, கீழ கூடத்துல காட்சிக்கு வெச்சிருந்த எங்க அத்தையோட தோல் பெட்டி. எத்தனையோ வருஷமா யாரும் தொடாத பெட்டி. அன்னிக்கு மட்டும் எதுக்கு? காகிதத்தை உள்ள அடைச்சு, தெருமுனையில எவன்கிட்டயோ குடுத்துட்டு, காலிப் பெட்டியோட திரும்பி வந்துட்டா."

"நல்ல திட்டம்தான்" என்றான் வாஷிங்டன். "வருஷக் கடைசியில பெட்டியோட ஓடறவனைப் பாத்து எவனும் சந்தேகப்பட மாட்டான். எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான் மாமியை விட்டுட்டு ஓடினாரு. மாமி வாசல்ல நின்னு கை தட்டினாங்க."

ரமிரோ அவனை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மாடியறைக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு அவ கழுத்துல. இன்னொண்ணு என் மேசையில. நான் தொட்டதே இல்ல."

"அந்தக் காகிதம் எதையாவது படிச்சிருக்கீங்களா?"

"நானா?" ரமிரோ சிரித்தார். "சொந்த ரத்தம் நான், நான் படிக்கக் கூடாதாம். சம்பளத்துக்கு வந்தவ தடவித் தடவிப் படிக்கலாமாம். ஒரு வரிகூட நான் பாத்ததில்லம்மா. போலீஸ்கிட்ட அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அதுல ஆடு இருக்கா மாடு இருக்கான்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

மாடிப்படி இறங்கும்போது வாஷிங்டன் முணுமுணுத்தான். "வக்கீலுக்குப் படிச்சவரையும் டாக்டர்னு கூப்பிடற ஊரு நம்ம ஊரு. ஊசி போடத் தெரியாட்டியும் குத்தத் தெரியுது."

"பேசாம வா. பெட்டியைப் பாக்கணும்."

பெட்டி கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பழையபடி உட்கார்ந்திருந்தது. காவலாளி செகுண்டோ குவாமான் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். வாசலில் நின்றவர் அவர்தான். சோய்லா உள்ளே போனால் அடுத்தது அவர்.

"செகுண்டோ அண்ணே, பெட்டி வெளிய போறப்ப கனமா இருந்துச்சா?" வாஷிங்டன் கேட்டான்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? வருஷக் கடைசியில பெட்டியோட போற பொம்பளையை நிறுத்தி உள்ள என்னன்னு கேக்க முடியுமா? அது காலியாத்தான் இருக்கணும். காலி இல்லாட்டிப் பயணம் எப்படி வரும்? கேட்டாலே பலன் போயிடுமே."

"நல்ல காவல்!"

"உங்க வீட்டு வாசல்ல நீங்க கேப்பீங்களா?"

வாஷிங்டனும் கேட்டிருக்க மாட்டான். குவெங்காவில் எவனும் கேட்டிருக்க மாட்டான்.

"அந்தப் பெட்டியை அவங்களா எடுத்தாங்களா?" பியெதாத் கேட்டாள்.

"இல்லம்மா. டாக்டர்தான் கண்ணாடியைத் திறந்து எடுத்துக் கையில குடுத்தாரு. 'அத்தை பெட்டி, ராசியான பெட்டி, நீயும் நாலு ஊரு பாரு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சோய்லாம்மா குவாயக்கில் துறைமுகத்தைத் தாண்டிப் போனதில்ல."

முற்றத்து ஓரத்தில் இரண்டு சாக்கு மூட்டை கிடந்தது. வாஷிங்டன் அதன்மேல் உட்கார்ந்தான். மெத்தென்றிருந்தது.

"அன்னிக்கு நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் பியெதாத்.

செகுண்டோ சொன்னார். ஒவ்வொரு வருஷமும் காப்பகத்தார் யாராவது ஒருவரைப்போலப் பொம்மை செய்து, பழைய வருஷம் என்று சொல்லி வாசலில் கொளுத்துவார்கள். ஆபீஸ் என்பதால் நள்ளிரவுவரை காத்திருப்பதில்லை, சாயங்காலமே முடித்துவிடுவார்கள். இந்த வருஷம் பொம்மை சோய்லா. நீள மூக்கு வைத்த முகமூடி, சாம்பல் கலர் பாவாடை, கழுத்தில் ஒரு தகரச் சாவி.

"யாரு செஞ்சது?"

"துணியும் முகமூடியும் பொண்ணுங்க சந்தையில வாங்கினாங்க. உள்ள அடைக்கிற வேலையை மட்டும் டாக்டரே நான் பாத்துக்கறேன்னுட்டாரு. நீங்கள்லாம் போய்ச் சாப்பிடுங்கன்னாரு. இத்தனை வருஷத்துல அவரு குனிஞ்சு ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததே அன்னிக்குத்தான். ஆனா கண்ணு தெரியலையோ என்னவோ, பொம்மையை பீப்பாய் மாதிரி அடைச்சுட்டாரு. சோய்லாம்மா விளக்குமாத்துக் குச்சி. எல்லாரும் கேலிக்குத்தான் அப்படின்னு நெனச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் வழக்கம்போல, பொம்மை சாகறதுக்கு முன்னாடி எழுதி வெச்ச மாதிரி கேலி உயில் படிச்சாரு. இருங்க, போன்ல எடுத்திருக்கேன்."

சின்னத் திரையில் ரமிரோ நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். சோய்லாவின் குரலைப்போலக் கீச்சுக் குரலில் படித்தார்:

"மூக்கு நீண்ட சோய்லா நான் மூச்சை விடப் போறேனுங்க,
கட்டிக்க ஆளில்லாம காகிதத்தைக் கட்டிக்கிட்டேன்,
பெத்த புள்ள ஏதுமில்ல, பொடிதூசி பெத்தேனுங்க.
வாசக்கார செகுண்டோவுக்கு வாய் கொழுத்த ஆடு ஒண்ணு,
தொப்பியத் தின்ன ஆடு, துறைமுகத்துத் திருட்டு ஆடு,
தின்னுபுட்டு நாடாவ மட்டும் திருப்பித் துப்புன ஆடு..."

கூட்டம் கெக்கலி கொட்டியது. பொடிதூசி பெத்த வரிக்கு வாஷிங்டனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரையின் ஓரத்தில் ஒல்லியாக, கறுப்புச் சால்வையில் நின்ற சோய்லாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவளும் சிரிக்கத்தான் செய்தாள். உயிலுக்குச் சிரிக்காத ஆளை ஊர் மறுவருஷமும் பொம்மை செய்து கொளுத்தும்.

"யாரைப் பொம்மை செஞ்சோமோ அவங்கதான் அதோட ஒரு ஆட்டம் ஆடிட்டுக் கொளுத்தணும்" என்றார் செகுண்டோ. "சோய்லாம்மா நல்லா ஆடினாங்க. இறுக்கிக் கட்டிப்பிடிச்சு ஆடினாங்க. அப்புறம் கொளுத்தினாங்க. அப்புறம்தான் பெட்டி."

அந்தக் காணொளியைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு பியெதாத் எழுந்தாள்.

தெருமுனையில் ஃபவுஸ்டோவின் பட்டறை. கார் மெக்கானிக். இரண்டு நாளாகியும் அவன் உதட்டில் சாயம் முழுசாகப் போகவில்லை. வருஷக் கடைசியில் ஆம்பிளைகள் கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு செத்துப்போன வருஷத்துக்கு விதவையாகி, தெருவை மறித்துக் கயிறு கட்டி, சில்லறை கொடுக்காமல் யாரையும் விடமாட்டார்கள். இந்த முனையில் கயிறு கட்டியவன் ஃபவுஸ்டோ.

"என்ன அண்ணி, புருஷன் போன துக்கம் தீர்ந்துச்சா?" என்றான் வாஷிங்டன்.

"அடுத்தவன் கெடைக்கிறவரைக்கும் தீராதுடா. நீ வர்றியா?"

"எனக்கு மீசை இல்லாத பொண்ணுதான் வேணும்."

பியெதாத் பெட்டியைப் பற்றிக் கேட்டாள்.

"ஓ, அந்தம்மாவா! சில்லறை இல்லன்னாங்க. இல்லாட்டி பெட்டியைத் திறந்து காட்டு, புருஷன் உள்ள ஒளிஞ்சிருக்கானான்னு பாக்கணும்னு அழுதேன். திறந்தாங்க. காலி. நானே உள்ள ஏறி உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டேன், பாருங்க."

போட்டோவில் பெட்டிக்குள் பாவாடையும் மீசையுமாக ஃபவுஸ்டோ. பக்கத்தில் சோய்லா. பின்னால் காப்பகத்து வாசலில் பொம்மை எரிந்துகொண்டிருந்தது.

"இது போறப்பவா, வர்றப்பவா?"

"போறப்பதான். முதல் சுத்து. ரெண்டாவது சுத்து ஓடியே வந்தாங்க. அந்த வயசுல அப்படி ஓடி நான் யாரையும் பாத்ததில்ல."

வாஷிங்டன் தொடையில் தட்டினான். "போச்சு! வெளிய போறப்பவே பெட்டி காலி. டாக்டரோட கதை அவ்வளவுதான்."

பியெதாத் இன்னும் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க சிரிக்கறாங்க" என்றாள்.

"பண்டிகைன்னா சிரிக்க மாட்டாங்களா? உங்களைத் தவிர எல்லாரும் சிரிப்போம் முதலாளியம்மா."

ஆற்றங்கரைக் கடையில் முட்டை போட்டுக் கிளறிய மோத்தே சோளத்தை அவன் இரண்டு தட்டு தின்றான். அவள் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது.

"நீ காலைல எதுமேல உக்காந்திருந்தே?"

"சாக்கு மூட்டைமேல."

"சாக்குல என்ன?"

"மரத்தூள். கால்சட்டையெல்லாம் ஒட்டிக்கிச்சு பாருங்க."

"மரத்தூள் எதுக்கு வாங்குவாங்க?"

"பொம்மைக்குள்ள அடைக்..." கரண்டி பாதி வழியில் நின்றது. "ரெண்டு மூட்டையும் கட்டுப் பிரிக்காம அப்படியே கிடக்கு."

"அப்ப பொம்மைக்குள்ள எதை அடைச்சாங்க? விளக்குமாத்துக் குச்சியை எதுக்குப் பீப்பாய் ஆக்கினாங்க?"

வாஷிங்டன் கரண்டியைத் தட்டில் வைத்தான். அடப் பாவி! நாற்பது துறைமுகத்தையும் பாவாடைக்குள் திணித்து, நடுத்தெருவில் நிறுத்தி, எல்லாரையும் கை தட்டவைத்துக் கொளுத்தியிருக்கிறான். எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தம்மா கையில் பெட்டியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். எல்லாம் ஒரு நாற்காலிக்கு.

"ஆனா இதை வெச்சு அவனை அசைக்க முடியாது முதலாளியம்மா. பழைய துணி அடைச்சேன்னு சொல்லிடுவான். சாம்பலையும் குப்பை வண்டி அள்ளிட்டுப் போயிடுச்சு."

அவள் பதிலுக்குப் போனை எடுத்துச் சோய்லாவைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சோய்லா, ஒரே ஒரு கேள்வி. ஹோர்டென்சியாவோட தொப்பியை ஆடு எதுவும் தின்னுச்சா?"

மறுமுனையில் ரொம்ப நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"தின்னுச்சு" என்றாள் சோய்லா. "அலெக்சாந்திரியாவுல. விக்கக் கொண்டுபோன தொப்பி. நாடாவை மட்டும் துப்பிடுச்சுன்னு எழுதியிருக்காங்க. அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யார்கிட்டயும் இல்ல. சொல்லக்கூடாதுன்னு நிபந்தனை."

"நாலரைக்குக் காப்பகத்துக்கு வாங்க. கீழயே உக்காந்திருங்க, கூப்பிடறேன்."

வாஷிங்டன் நாற்காலியிலிருந்து துள்ளினான். "மாட்டிக்கிட்டான்! ஒரு வரிகூடப் பாத்ததில்லன்னு போலீஸுக்கு எழுதிக் குடுத்தவன், ஆட்டோட நாடா வரைக்கும் பாட்டுப் பாடியிருக்கான். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல பாருங்க. பாவம் அந்தம்மா, நிம்மதியா மூச்சு விடுவாங்க. என்ன முதலாளியம்மா, மூஞ்சி இப்படி இருக்கு?"

"சாப்பிடு" என்றாள் பியெதாத்.

நாலரை மணிக்குத் தன் அறையில் ரமிரோ காணொளியை முழுசாகப் பார்த்தார். மரத்தூள் மூட்டை பிரிக்காமல் கிடப்பதைப் பியெதாத் சொல்லக் கேட்டார். ஃபவுஸ்டோ பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த போட்டோவையும் பார்த்தார். முகம் வெளுத்து, பிறகு மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. பேனாவை மூடி வைத்தார்.

"சரி. கெட்டிக்காரிதான் நீங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கொளுத்துனது யாரு?"

ரமிரோவே தொடர்ந்தார்.

"நானா? நெருப்பு என் கையில இருந்துச்சா? அவ கையில இருந்துச்சு. ஆடிப் பாடிக் கொளுத்தினா. இப்ப கேளுங்க. நான் இந்தப் புகாரைக் கிழிச்சுடறேன். எவனோ வெளியாள் பூந்து திருடிட்டான்னு எழுதித் தர்றேன். அவ வீட்டுக்குப் போகட்டும், நான் இந்த நாற்காலியில இருக்கேன். காகிதம் எங்கயோ பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டே அவ சாகட்டும். இல்ல, நீங்க எல்லாத்தையும் சொல்லித்தான் தீருவேன்னா, நானே அவகிட்ட சொல்றேன். உன் வாழ்நாள் முழுக்க அடுக்கி வெச்சதை உன் கையாலயே கொளுத்தினே, ஊரே கை தட்டுச்சுன்னு சொல்றேன். தாங்குவாளா? ஒரு வாரம் தாங்குவாளா?"

வாஷிங்டனுக்கு அந்த ஆளின் குரல்வளையைப் பிடிக்கத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னது நிஜம். அவன் பியெதாத்தின் காதருகே குனிந்தான்.

"ஒத்துக்குங்க முதலாளியம்மா. நாற்காலி போனாப் போகுது. அந்தம்மா இதைக் கேட்டா செத்துடும்."

"கீழ போய்க் கூட்டிட்டு வா."

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"கூட்டிட்டு வான்னு சொன்னேன்."

அவன் போனான். படி ஏறும்போது சோய்லாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவள் எடையே இல்லாமல் இருந்தாள். "எதைக் கேட்டாலும் மனசை விட்டுடாதீங்கம்மா" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ரமிரோ அவளை உட்காரச் சொன்னார். தேன் தடவிய குரலில், ஒன்றுவிடாமல் சொன்னார். பொம்மைக்குள் எதைத் திணித்தார், எந்த வரிசையில் திணித்தார், தலைக்குள் புகைப்படம், வயிற்றுக்குள் குறிப்புகள். அவள் அதைக் கட்டிப்பிடித்து ஆடியதையும் சொன்னார். கடைசியில், "கொளுத்துனது நீதான் சோய்லா" என்று சொல்லிவிட்டு, அவள் உடைவதைப் பார்க்க முன்னால் சாய்ந்தார்.

"தெரியும்" என்றாள் சோய்லா.

பியெதாத் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆட்டுக் கதையைச் சொல்லி இவர் மாட்டிக்கிட்டாரு" என்றாள் அவள் வாஷிங்டனிடம். "அந்தக் கதை தெரிஞ்ச ஒரே ஆளு கைக்கெட்டுற தூரத்துல நின்னு கேட்டுட்டிருந்தாங்க. நமக்கு ரெண்டு நாள் கழிச்சுப் புரிஞ்சது அவங்களுக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம்தான் கொளுத்தினாங்க. ஆனா போன்ல என்னைக் கேக்கறாங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்னு."

"ஆட்டைச் சொன்னப்ப இவன் படிச்சிருக்கான்னு தெரிஞ்சது" என்றாள் சோய்லா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஆடினப்ப மிச்சம் தெரிஞ்சது. மரத்தூள் சத்தம் போடாது. இது என் தோள்ல சரசரன்னுச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தாளும் எப்படிச் சத்தம் போடும்னு தெரியும்."

"தெரிஞ்சுமா?" ரமிரோவின் வாய் திறந்தே இருந்தது. "தெரிஞ்சுமா கொளுத்தினே?"

"உங்க அத்தை என்னை ஏன் வேலைக்கு எடுத்தாங்கன்னு எழுதி வெச்சிருந்தாங்க ரமிரோ. நாலாவது வருஷம் அந்தத் தாள் கைக்கு வந்துச்சு. 'இந்தப் பெண் எங்கேயும் போகமாட்டாள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நல்லது, இப்படி ஒருத்திதான் எனக்கு வேண்டும்.' அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. பாஸ்போர்ட் எடுத்து வெச்சிருந்தேன். அந்தத் தாளுக்கும் நம்பர் போட்டு, அடுக்கி வெச்சேன். அவ கடலைப் பத்தி எழுதினதை, அவ பழம் தின்னதை, அவ ஆம்பிளைகளோட சிரிச்சதை, எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கினேன். நெருப்புக்குச்சி கையில வந்தப்ப, கடவுளே, எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

ரமிரோ நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா! காப்பகத்தை நடத்தற அறக்கட்டளைக்கு இப்பவே போன் போடறேன். தெரிஞ்சே கொளுத்தியிருக்கா!"

"தாராளமா போடுங்க" என்றாள் பியெதாத். "பொம்மைக்குள்ள காகிதம் இருந்துச்சுன்னு முதல்ல சொல்லணும். அது எப்படி உள்ள போச்சுன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்குத் தெரிஞ்சு கொளுத்தினாங்கன்னு சொல்லிப் பாருங்க. அடைச்சவர் சொன்னா யாரு நம்புவாங்க?"

ரமிரோ கையிலெடுத்த போனை மேசைமேல் வைத்தார். பிறகு உட்கார்ந்து, பியெதாத் சொல்லச் சொல்ல எழுதினார். புகாரை வாபஸ் வாங்கினார், நாற்காலியை விட்டார். கையெழுத்துப் போடும்போது மணி ஐந்து அடித்தது. கோட்டை எடுத்துக்கொண்டு போனவர் வாசலில் செகுண்டோ வைத்த வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

சோய்லா மேசையைச் சுற்றி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உயரத்துக்கு அது பெரிதாக இருந்தது.

"காகிதத்தை எடுத்தவனைக் கண்டுபிடிக்கச் சொன்னேன், நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க" என்றாள் பியெதாத்திடம். "மத்ததை யார்கிட்ட சொல்லப்போறீங்க?"

"யாரும் கேக்கலையே" என்றாள் பியெதாத். பையை மாட்டிக்கொண்டாள்.

வாஷிங்டன் கதவுப்பிடியில் கையை வைத்தபடி நின்றான். கேட்காமல் போயிருக்கலாம். கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணையாவது காப்பாத்தணும்னு தோணலையாம்மா? ஒரே ஒரு தாள்?"

சோய்லா கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணு தானாவே பறந்து வந்துச்சு. பொம்மை கழுத்துக் கிழிஞ்சு என் கால்கிட்ட விழுந்துச்சு. ஓரத்துல மட்டும் கருகியிருந்துச்சு. எல்லாரும் கும்மாளம் போட்டுட்டிருந்தாங்க, நான் குனிஞ்சு எடுத்துப் படிச்சேன். பினாங்குல மழை நின்ன காலைல கப்பல் மேல்தளத்துல நின்னு எழுதினது. முழுசாப் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருந்தா. அவ அளவுக்கு யாரும் எழுத முடியாது."

"அப்புறம்?"

"திருப்பி நெருப்புல போட்டேன்" என்றாள் சோய்லா. "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. குளிருது."